டியாக்ராவிலிருந்து ஸ்ராமுக்கு மாறுவது: மஞ்சக்குப்பம் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

தம்பி கேட்டிருப்பது இதுதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறார், ஷிமானோ கம்பெனியின் டியாக்ரா 4700 கியர் செட் பூட்டிய ரிம் பிரேக் ரோடு பைக் (சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள்) வைத்திருக்கிறார், பின்னால் 10 பல்சக்கரம். இடது ஷிஃப்டரை, அதாவது ஹேண்டில்பாரில் உள்ள கியர் மாற்றும் லீவரை, தட்டினால் "கிளிக்" விழவில்லை, முன் கியர் மாறுவதே இல்லை. கூட ஓட்டும் நண்பர் ஒருவர் தன்னிடம் சும்மா கிடக்கும் ஸ்ராம் கம்பெனியின் 11 கியர் ரைவல் 22 ஷிஃப்டர் ஜோடியைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். ஷிஃப்டரை மட்டும் மாற்றினால் ஓடுமா, இல்லை எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா, எப்படியும் செலவுதான் என்றால் எலக்ட்ரானிக் கியருக்கே போய்விடலாமா என்பது கேள்வி.

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். ஷிஃப்டரை மட்டும் மாற்றினால் ஓடாது. எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதும் இல்லை. உங்கள் ஃபிரேமில் எலக்ட்ரானிக் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: அந்த இடது ஷிஃப்டர் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பாருங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், நம் கரையோரத்தில் ஷிஃப்டர் "போய்விட்டது" என்று வருகிற பைக்குகளில் நான் பார்த்தவரை நிறைய, உள்ளே இருக்கும் கிரீஸ் காய்ந்து பிசின் மாதிரி ஆனவைதான். உள்ளே சின்னச் சின்னக் கொக்கிகள் பல்லில் விழுந்துதான் கிளிக் வரும், கிரீஸ் இறுகினால் அந்தக் கொக்கி ஸ்பிரிங்கோடு திரும்பி வராது, லீவர் காற்றில் ஆடுவது போல ஆடும். ஷிஃப்டரை மூடியிருக்கும் ரப்பர் ஹூடைப் பின்னால் உருட்டிவிட்டு, உள்ளே டிகிரீசரை (கிரீஸைக் கரைக்கும் திரவத்தை) நன்றாக அடித்து, லீவரை நூறு தடவையாவது தட்டி, அழுக்கு வழிந்து வெளியே வந்து காய்ந்த பிறகு மெல்லிய எண்ணெய் விடுங்கள். ஒரு நாள் விட்டு மறுபடி செய்யுங்கள். இன்னொன்று, கேபிள் முனை ஷிஃப்டருக்குள்ளேயே இழை இழையாகப் பிரிந்து போய் அடைத்துக்கொள்வதும் உண்டு. பார் டேப்புக்கு அடியில் ஓடும் கேபிள் ஷிஃப்டர் தலையில் சட்டென்று வளைகிறது, அந்த இடத்தில்தான் இழை அறும். டார்ச் அடித்துப் பார்த்து ஊசி மூக்குக் குறடால் ஒவ்வோர் இழையாக எடுத்துவிட்டால் சில சமயம் பழையபடி வேலை செய்யும். இது ஒரு சாயங்கால வேலை.

இரண்டுக்கும் மசியவில்லை என்றால், இடது ஷிஃப்டர் மட்டும் தனியாக வாங்கலாம். எண்ணைப் பார்த்து வாங்குங்கள்: 4700 என்பது முன்னால் இரண்டு பல்சக்கரத்துக்கு, 4703 மூன்று பல்சக்கரத்துக்கு. படத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். நானே ஒரு தடவை ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் இப்படி எண் பார்க்காமல் வாங்கி, திருப்பி அனுப்ப மூன்று வாரம் அலைந்திருக்கிறேன்.

சரி, நண்பர் தரும் ஸ்ராமுக்கு வருவோம். ஒரு கம்பெனி ஷிஃப்டர் இன்னொரு கம்பெனி டீரெய்லரோடு (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததுக்குத் தள்ளும் பொறியோடு) ஏன் சேராது என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கும். ஷிஃப்டரில் ஒரு கிளிக் தட்டினால் அது இத்தனை மில்லிமீட்டர் கேபிளை இழுக்கும் என்று கணக்கு. டீரெய்லர், இழுத்த ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இத்தனை மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகரும் என்று இன்னொரு கணக்கு. இரண்டையும் பெருக்கினால் வரும் தூரம், ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்த பல்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியாக இருக்க வேண்டும். பழைய 10 கியர் ஷிமானோ ரோடு செட்டுகளில் ஷிஃப்டர் கிளிக்குக்குச் சுமார் 2.3 மி.மீ. இழுக்கும், டீரெய்லர் 1.7 மடங்கு நகரும், பெருக்கினால் ஏறக்குறைய 3.9. பல்சக்கர இடைவெளியும் கிட்டத்தட்ட அதுதான். ஸ்ராம் இதையே வேறு வழியில் செய்தது: ஷிஃப்டர் 3.1 மி.மீ. இழுக்கும், டீரெய்லர் 1.3 மடங்கு மட்டும் நகரும். முடிவில் வந்து சேரும் இடம் ஒன்று, போகும் வழி வேறு. இப்போது ஷிமானோ ஷிஃப்டரையும் ஸ்ராம் டீரெய்லரையும் சேர்த்துப் பாருங்கள்: 2.3ஐ 1.3ஆல் பெருக்கினால் 3 மி.மீ.தான் வரும். ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு மில்லிமீட்டர் குறைகிறது, நாலாவது கிளிக்கில் ஒரு முழுப் பல்சக்கரமே தவறிவிடும். எவ்வளவு கெட்டிக்கார மெக்கானிக் வந்து திருகினாலும் இதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் இது டியூனிங் பிரச்சினை இல்லை.

உங்கள் 4700-இல் இன்னொரு சிக்கல். அது 10 கியர்தான், ஆனால் அதன் டீரெய்லர் ஷிமானோவின் 11 கியர் செட்டுகளின் விகிதத்துக்கு, அதாவது 1.4 பக்கம் வந்துவிட்டது. அதனால் ஷிமானோவின் இன்னொரு செட்டான 105-இன் பழைய 10 கியர் டீரெய்லரோ, பழைய டியாக்ராவோகூட அதோடு சேராது. ஒரே பெயர் பொறித்திருந்தால் ஒன்றோடொன்று சேரும் என்பது தப்பு நம்பிக்கை. 1.4-க்கும் 1.3-க்கும் பெரிய தூரம் இல்லையே, ஓட்டிப் பார்க்கலாமே என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். வேண்டாம். ரைவல் 22 ஷிஃப்டர் 11 கியருக்கானது, உங்கள் கேசட்டில் (பின்சக்கரப் பல்சக்கரக் கொத்தில்) 10 பல்சக்கரம், இடைவெளியும் வேறு. எப்படிப் போட்டாலும் நடுவில் ஓர் இடத்தில் செயின் கரகரவென்று அடிக்கும்.

ஆகவே ரைவல் 22-க்கு மாறுவதென்றால் ஷிஃப்டர் இரண்டு, பின் டீரெய்லர், முன் டீரெய்லர் இந்த நாலும் ஒரே குடும்பமாக வர வேண்டும். கூடவே 11 கியர் கேசட், 11 கியர் செயின், புது கேபிள்கள். கிராங்க் (பெடல் கையும் முன் பல்சக்கரங்களும்), பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுழலும் பேரிங்), வீல், ஹேண்டில்பார் எல்லாம் அப்படியே இருக்கலாம். உங்கள் நண்பரிடம் டீரெய்லர்களும் கிடக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால் இந்தப் பேரம் பேசத் தகுந்தது, ஷிஃப்டர் மட்டும்தான் என்றால் மற்றதைப் புதிதாக வாங்கிக் கூட்டும்போது விலை எங்கேயோ போய் நிற்கும்.

வீலில் ஒரு சோதனை உண்டு, இதை வாங்குவதற்கு முன்னால் செய்யுங்கள். 11 கியர் ரோடு கேசட் உட்கார, பின்சக்கர நடுவில் உள்ள ஹப்பின் உடல் பழைய 10 கியர் ஹப்பைவிட 1.85 மி.மீ. நீளமாக இருக்க வேண்டும். கேசட்டைக் கழற்றிப் பாருங்கள். அதன் பின்னால் மெல்லிய வளையம் ஒன்று இருந்து, அதன் தடிமன் 1.85 மி.மீ. என்றால் உங்கள் ஹப் 11-க்காகச் செய்தது, அந்த வளையத்தை எடுத்துவிட்டு 11 கேசட்டைப் போட்டால் போதும். வளையம் இல்லையென்றால் பழைய நீள ஹப். அதற்கும் ஒரு வழி இருப்பதாகச் சொல்வார்கள், ஷிமானோவின் 11-34 கேசட் (சின்னதில் 11 பல், பெரியதில் 34 பல்) ஒன்று பழைய ஹப்பிலும் உட்காரும். ஆனால் ரைவல் 22 பின் டீரெய்லரில், செயின் ஓடும் கூண்டு நடுத்தர நீளமாக உள்ளது 32 பல் வரைதான் தாங்கும், குட்டைக் கூண்டு 28 வரைதான். ஆக அந்த வழி உங்களுக்கு அடைபட்டுவிடும், வீலும் மாற்ற வேண்டியிருக்கும். அந்த நிலை வந்தால் ஸ்ராம் யோசனையை விட்டுவிட்டு இடது ஷிஃப்டரை மட்டும் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

11 கியர் கேசட்டும் செயினும் மட்டும் ஷிமானோ, ஸ்ராம் இரண்டுக்கும் பொது. ஸ்ராம் டீரெய்லரில் ஷிமானோ கேசட்டும் கேஎம்சி கம்பெனி செயினும் போட்டுப் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன், ஒரு குறையும் இல்லை. செயினில் இணைப்புக் கொக்கியை மட்டும் கவனியுங்கள், ஸ்ராமின் பவர்லாக் ஒரு தடவை பூட்டினால் அவ்வளவுதான், கழற்றி மறுபடி பூட்டக் கூடாது.

முன் டீரெய்லர் பொறுமையைச் சோதிக்கும். ரைவல் 22-இல் அதன் கூண்டு நகரும்போது கொஞ்சம் திரும்பவும் செய்யும், அதனால் ஷிமானோவில் பழகிய, செயின் உரசாமல் இருக்கக் கூண்டை அரைக் கிளிக் நகர்த்தும் அந்தச் சரிசெய்தல் இதில் கிடையாது. உங்கள் டியாக்ரா கிராங்கோடு வேலை செய்யும். ஆனால் உயரத்தையும் கோணத்தையும் வைக்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், கூண்டில் இருக்கும் கோட்டுக் குறியை முன்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தோடு நேராக வைத்துவிட்டுத்தான் திருகை இறுக்க வேண்டும். வாங்கும் முன் உங்கள் ஃபிரேமில் முன் டீரெய்லர் குழாயைச் சுற்றிய வளையத்தில் பூட்டியிருக்கிறதா, நேரடியாக ஒரு தாங்கியில் பூட்டியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக்: உங்கள் டியாக்ரா ரிம் பிரேக் ஸ்ராம் லீவரோடு ஓடும், கையில் உணர்வு கொஞ்சம் மாறும். நண்பரிடம் ரைவல் பிரேக்கும் இருந்தால் அதையே போடுங்கள். எதைப் போட்டாலும் சில்வர் பீச் சாலையில் ஆள் இல்லாத காலையில் மெதுவாக ஓட்டிப் பலமாகப் பிடித்துப் பார்த்த பிறகுதான் மெயின் ரோட்டுக்கு வர வேண்டும்.

இவ்வளவு மெனக்கெட்டு ஏன் மாற வேண்டும் என்றால், என் வரையில் முதல் நியாயமான காரணம் கை. தரத்தில் இது உசத்தி அது மட்டம் என்று பேசுவது இந்த விலையில் அர்த்தமே இல்லாத பேச்சு. ஷிமானோ 1921-இல் ஜப்பானின் சகாயில் ஆரம்பித்த கம்பெனி, இத்தாலியின் விசென்சாவில் கம்பன்யோலோ 1933-இல், அமெரிக்காவின் சிகாகோவில் ஸ்ராம் 1987-இல். பிரேக்கும் கியரும் ஒரே லீவரில் என்று ரோடு பைக்குக்கு ஷிமானோ 1990-இல் கொண்டுவந்தது, பிரேக் லீவரையே உள்பக்கம் தள்ளினால் பெரிய பல்லுக்கு, அதாவது பெரிய பல்சக்கரத்துக்குப் போகும், பின்னால் உள்ள சின்ன லீவர் சின்னப் பல்லுக்கு. இரண்டு வருடம் கழித்துக் கம்பன்யோலோ கட்டை விரலுக்கு ஒரு பட்டன் வைத்தது. 2006-இல் ரோடு பைக்குக்கு வந்த ஸ்ராம் மூன்றாவது வழியாக ஒரே ஒரு லீவரை வைத்து, லேசாகத் தட்டினால் சின்னப் பல், அதையே இன்னும் உள்ளே தள்ளினால் பெரிய பல் என்று செய்தது. பிரேக் லீவர் பக்கவாட்டில் அசையவே அசையாது.

நான் மாறியது இதனால்தான். பல வருடம் ஷிமானோதான் ஓட்டினேன். கிருமாம்பாக்கம் பக்கத்தில் மழையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது, கட்டுப் பிரித்த பிறகும் பிரேக் லீவரைப் பக்கவாட்டில் தள்ளும் ஒவ்வொரு தடவையும் வலி சுண்டி இழுத்தது. ஒரு நண்பரின் ஸ்ராம் பைக்கை முள்ளோடை வரை வாங்கி ஓட்டிப் பார்த்தேன், ஒரு விரலால் தட்டியதும் மாறியது, வலி இல்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். உங்களுக்கு அப்படி ஒரு காரணம் இருக்கிறதா என்று யோசியுங்கள். சின்னக் கை, பிரேக் லீவர் எட்டவில்லை, விரல் மரத்துப்போகிறது, இதெல்லாம் நல்ல காரணங்கள். நண்பர் பைக்கைக் கேட்டு வாங்கி ஒரு 20 கிலோமீட்டராவது ஓட்டுங்கள். பழகுவதற்கு ஒரு மாதம் ஆகும். முதல் வாரங்களில் பெரிய பல்லுக்குப் போக நினைத்துப் பாதித் தள்ளலில் விட்டுவிட்டால் எதிர்ப்பக்கம், கனமான கியருக்கு மாறிவிடும், பாலம் ஏறும்போது முழங்காலில் இடிக்கும். அதனால் அந்த மாதத்தில் கூட்டமாக ஓட்டும்போது யாருடைய சக்கரத்தையும் ஒட்டிப் போகாதீர்கள்.

கியர் எண்ணிக்கையில் மாற்றம் உங்களுக்கு உண்மையிலேயே உதவும், இதை நீங்கள் கேட்கவில்லை ஆனாலும் சொல்ல வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரி, அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை எங்கேயாவது ஏற்றம் என்றால் அது பாலம்தான். நம் மலை காற்று. வடகிழக்குப் பருவக் காற்றில் கடலூரிலிருந்து வடக்கே போகும்போது முகத்தில் அடிக்கும், மதியத்துக்கு மேல் கடல் காற்று பக்கவாட்டில் தள்ளும். இதில் முக்கியம் 34 பல் போன்ற பெரிய பல் இல்லை, நடுவில் உள்ள பற்கள் நெருக்கமாக இருப்பதுதான். உங்கள் 10 கியர் 11-34 ஆக இருந்தால் 15, 17, 19 என்று இரண்டிரண்டாகத் தாவும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் 50-17-இல் (முன்னால் 50 பல், பின்னால் 17) மணிக்குச் சுமார் 33 கி.மீ. வேகம், 50-19-இல் சுமார் 30. எதிர்காற்றில் ஒன்று கனம், மற்றது லேசு, நடுவில் கால் அலைபாயும். 11 கியர் 11-28 கேசட்டில், ஸ்ராம் செய்வதில், 15, 16, 17 என்று அடுத்தடுத்து வரும். மரக்காணம் உப்பளத்தை ஒட்டி ஒரே சீராக 35 பக்கம் ஓட்ட வேண்டிய இடத்தில் அந்த 16 எவ்வளவு நிம்மதி என்று ஓட்டினால்தான் தெரியும். ஏற்காடு, ஏலகிரி போகும் ஆசை இருந்தால் மட்டும் 11-32 வாங்குங்கள், அதற்கு நடுத்தரக் கூண்டு டீரெய்லர் வேண்டும்.

எலக்ட்ரானிக் பற்றி ஏன் வேண்டாம் என்றேன் என்றால், உங்கள் பட்ஜெட்டுக்குப் பக்கத்தில் வருகிற இரண்டு செட்டுகள், ஷிமானோ 105 டிஐ2-வும் ஸ்ராம் ரைவல் ஏஎக்ஸ்எஸ்-உம், டிஸ்க் பிரேக்குக்கு மட்டும்தான் வருகின்றன. அதிலும் ஸ்ராமின் 10 பல்லில் ஆரம்பிக்கும் 12 கியர் கேசட்டுக்கு எக்ஸ்டிஆர் என்ற தனி ஹப் உடல் வேண்டும், செயினும் அதற்கென்றே உள்ள தட்டை முதுகுச் செயின். அப்படியானால் ஃபிரேம், வீல் எல்லாம் புதிது. அது இன்னொரு பைக் வாங்கும் கணக்கு. கம்பன்யோலோவும் அப்படித்தான், அவர்கள் கேசட்டின் உள்வரிப் பற்களே வேறு. அழகான பொருள், எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் ஒரு சின்ன ஸ்பிரிங் உடைந்தால் நம் ஊரில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

டிஸ்க் பிரேக் வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஷிமானோ பிரேக்கில் மினரல் ஆயில், ஸ்ராம் ரோடு பிரேக்கில் டாட் (DOT) என்ற பிரேக் திரவம். ஒன்றில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுப் பிரேக்கே போய்விடும். டாட் திரவம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்ச அதன் கொதிநிலை இறங்கும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155 வரைகூட வரலாம். நம் கடற்கரை ஈரத்தில் வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுவது என் வழக்கம். டாட் 4 எந்த டூவீலர் ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கிறது, ஷிமானோ மினரல் ஆயிலைப் பெரும்பாலும் வரவழைக்க வேண்டியிருக்கும். டாட் பெயின்ட்டைத் தின்றுவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

நண்பரின் பழைய செட்டை வாங்கும்போது ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து தென்பெண்ணை பெருகியபோது இந்த பைக் எங்கே இருந்தது? அந்த வெள்ளத்தில் மூழ்கிய சைக்கிள்கள் நிறைய. வெளியே துடைத்துப் பளபளவென்று இருக்கும், ஷிஃப்டருக்குள் சேறு இருக்கும். ஒவ்வொரு கிளிக்கையும் எண்ணிப் பாருங்கள், வலதில் பத்துத் தட்டு வர வேண்டும். பின் டீரெய்லரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், தொளதொளவென்று ஆடினால் வேண்டாம். ஹூட் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். யாராவது கூடவே ஷிமானோவின் 11 கியர் அல்டெக்ரா அல்லது டூரா-ஏஸ் கிராங்கும் மலிவாகத் தருகிறேன் என்றால் அவசரப்படாதீர்கள். இரண்டு துண்டாகச் செய்து ஒட்டிய அந்தக் கிராங்குகளில் 2019 ஜூலைக்கு முன் தயாரானவை ஒட்டு விட்டுப் பிரியக்கூடும் என்று 2023 செப்டம்பரில் ஷிமானோவே இலவசப் பரிசோதனை அறிவித்தது. உங்கள் டியாக்ரா கிராங்குக்கு இது பொருந்தாது, அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டும்போது உப்பை மனதில் வைத்துப் பூட்டுங்கள். கேபிள் துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும், ஸ்ராமுக்கும் ஷிமானோவுக்கும் கேபிள் குண்டு ஒன்றுதான். அவுட்டரை (கேபிள் உறையை) வெட்டிய முனையை அரத்தால் சமமாக ராவி, நசுங்கிய ஓட்டையை ஊசியால் திறந்துவிட்டுப் பிறகு செருகுங்கள், பாதிக் கியர் தகராறு இந்த முனையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு திருகின் மரையிலும் கிரீஸ் தடவுங்கள், ஹப் உடல் மேலும் மெல்லிதாகத் தடவிவிட்டுக் கேசட்டை ஏற்றுங்கள், இல்லையென்றால் அடுத்த வருடம் கழற்றும்போது வராது. கேசட் மூடியை 40 நியூட்டன் மீட்டரில் இறுக்க வேண்டும். தேவனாம்பட்டினம் பக்கம் ஓட்டிவிட்டு வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டுவிடுங்கள், மறுநாள் காலை என்று தள்ளினால் சிவப்பாகிவிடும்.

முதலில் ஷிஃப்டரைக் கழுவிப் பாருங்கள், அப்புறம் கேசட்டைக் கழற்றி அந்த வளையம் இருக்கிறதா, தடிமன் எவ்வளவு என்றும், நண்பரிடம் டீரெய்லர்கள் உண்டா, கூண்டு குட்டையா நடுத்தரமா என்றும் எழுதுங்கள். எந்தக் கேசட், எத்தனை கண்ணி செயின் என்று அதை வைத்துச் சொல்லிவிடுகிறேன்.